மண் நிரப்பாத டயர்கள்

திஹுவானா, எல் சௌசே பள்ளம்
7 மார்ச் 1999

அன்புள்ள அக்கா எர்லிந்தாவுக்கு,

லெஞ்சோ அண்ணன் வண்டியில் எல்லை தாண்டி வந்து இதை உன் கையில் கொடுக்கும்போது நீ தலைவலி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் செலாவும் கன்னி மாதா தயவில் சுகம். செலாவின் கடைவாய்ப் பல் மட்டும் அவளைப் போலவே அடங்க மாட்டேன் என்கிறது.

எனக்கு நகராட்சியில் வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. மஞ்சள் மேலங்கி கொடுத்திருக்கிறார்கள், ஒரு பெயின்ட் டப்பாவும் கொடுத்திருக்கிறார்கள். கள்ளத்தனமாகக் கொட்டிய பழைய டயர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. திஹுவானாவில் டயரைத் தேட ஒரு ஆள் வேண்டுமா என்று எல்லோரும் கேட்டாகிவிட்டது, நீயும் கேட்காதே.

நீ இருக்கிற கலிஃபோர்னியாப் பக்கம் தேய்ந்த டயரைக் கழற்றிப் போடுகிறார்கள். அது எல்லையைத் தாண்டி வந்து இங்கே இன்னும் ஒரு வருஷம் ஓடுகிறது. பிறகு யாரோ கொண்டுவந்து பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகிறான். மழை பெய்தால் அது உருண்டு போய் எல்லை வேலிக்கு அடியில் இருக்கிற மதகை அடைத்துக்கொள்கிறது, இல்லாவிட்டால் வேலியைத் தாண்டி அந்தப் பக்கமே போய்விடுகிறது. உடனே அந்தப் பக்கத்து அதிகாரிகள், உங்கள் டயர் எங்கள் நிலத்துக்கு வந்துவிட்டது என்று புகார் எழுதுகிறார்கள். யார் டயர், யார் நிலம் என்று நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

எங்கள் மேலதிகாரி மிரெயா என்ற இன்ஜினியரம்மா. சின்ன வயது, பெரிய தொப்பி. முதல் நாளே சொன்னார்: "நபோர், இந்த ஊர்ல பாதி வீடு டயர் சுவத்து மேலதான் நிக்குது. அதத் தொட்டீங்கன்னா சனங்க உங்கள உரிச்சுடுவாங்க. டயருக்குள்ள மண்ணு இருந்தா அது சுவரு. காத்து இருந்தா அது குப்பை. குப்பைன்னா மஞ்சப் பெயின்ட் அடிச்சுட்டு வாங்க, லாரி வந்து அள்ளிக்கும்." இவ்வளவுதான் சட்டம். இதுகூடப் புரியாத முட்டாளா நான் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உன் அறை பத்திரமாக இருக்கிறது. ஞாயிறுதோறும் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். பின்னால் இருக்கிற மேடு கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. என் கண்ணுக்குத்தான் அப்படியோ என்னவோ.

ஃபிதெலுக்கு என் வணக்கம். உன்னோடு ஒரு வருஷம்கூடத் தாங்கமாட்டான் என்று கல்யாணத்தன்றே பந்தயம் கட்டினேன். ஆறு வருஷம் தாங்கிவிட்டான். தோற்றுவிட்டேன் என்று சொல்.

உன் தம்பி,
நபோர்


ஃபொன்டானா, கலிஃபோர்னியா
28 மார்ச் 1999

அன்புத் தம்பி நபோருக்கு,

உன் கடிதம் கிடைத்து மனசு குளிர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன். செலாவைக் கிராம்பை அடக்கிக்கொண்டு சும்மா இருக்கச் சொல். சும்மா இருப்பது அவளுக்குக் கஷ்டம்தான்.

மஞ்சள் மேலங்கி போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நம் குடும்பத்தில் சட்டைப்பையில் சர்க்காரின் பெயர் இருக்கிற முதல் ஆள் நீதான்.

நான் வீடு துடைக்கும் வேலையை விட்டுவிட்டேன். இப்போது வேறு வேலை. உடம்பு வலி அதிகம், மனவலி குறைவு. எவ்வளவு சோப்புப் போட்டாலும் கை கறுப்பு போகவில்லை, அதனால் பூசைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு போகிறேன். சாமியார் என்னை ஏதோ பணக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மேடு சாய்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் பந்தயத்துக்குப் போய்விட்டாய். எவ்வளவு சாய்ந்திருக்கிறது? சுவரில் விரிசல் இருக்கிறதா? போன வருஷ மழையில் கீழ்ப்பக்கம் இரண்டு வீடு போனது என்று நீதான் எழுதினாய். இந்தப் பூமியில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு அறைதான், நபோர். அது போனால் திரும்பி வருவதற்கு எனக்கு இடமில்லை. அடுத்த மழைக்குள் ஏதாவது செய்யவேண்டும். நீ ஒன்றும் செய்யாதே, உனக்கே ஆயிரம் வேலை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஃபிதெல் வெளியே போயிருக்கிறான். வந்ததும் உன் வணக்கத்தைச் சொல்கிறேன்.

அக்கா,
எர்லிந்தா


எல் சௌசே
2 மே 1999

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். செலா பல்லைப் பிடுங்கிவிட்டாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் தலைக்கு ஏறியிருக்கிறது.

முதலில் தாச்சாம்மா கதை. அதுதான், வளைவில் கோழி வளர்க்கிறாளே, அவள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குவியல் டயர், உள்ளே மண் இல்லை. பெயின்டை எடுத்தேன். "நாளைக்கு வா, இன்னைக்கு எனக்கு மூட்டு வலி" என்றாள். சரி, வயதானவள் என்று போய்விட்டேன். மறுநாள் போனால் வாளியால் மண் அள்ளி ஒவ்வொரு டயருக்குள்ளும் கொட்டிக்கொண்டிருக்கிறாள். "இப்ப மண்ணு இருக்குல்ல? சுவரு. கெளம்பு" என்கிறாள். அக்கா, அந்தச் சுவருக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்க ஒன்றுமே இல்லை. சமதரை. நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. இதை எப்படி எழுதுவது என்று இன்ஜினியரம்மாவிடம் கேட்டேன். அவரும் கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு யோசித்தார்.

அது போகட்டும். நான் கோபப்படுவது வேறு விஷயத்துக்கு. எவனோ உன் நிலத்தில் டயர் கொட்டியிருக்கிறான். உன் அறைக்குப் பின்னால், மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில். நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போன நேரத்தில் நடந்திருக்கிறது. நான் யார், என் வேலை என்ன என்று தெரிந்து வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கிறது. பூசை முடிந்து வந்தபோது லெஞ்சோ அண்ணன் கட்டில், பழைய ஃபிரிட்ஜ் எல்லாம் இறக்கி முடித்துவிட்டு உன் கடிதத்தோடு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காப்பி கொடுத்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். "இந்தப் பக்கம் யாராவது டயர் வண்டி வந்துச்சாண்ணே?" என்று கேட்டேன். காப்பி புரையேறி அப்படி இருமினார், பாவம். அந்த வயதில் இப்படி வண்டி ஓட்டக்கூடாது.

பிடிக்காமல் விடமாட்டேன். ஃபிதெலிடம் சொல், அவனும் கோபப்படட்டும். அவனுக்கு என் வணக்கம்.

நபோர்


ஃபொன்டானா
16 மே 1999

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே. நான் நலம்.

கோபத்தில் எழுதிய கடிதம் என்று எழுத்திலேயே தெரிந்தது, பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. கொஞ்சம் டயர் கிடந்தால் என்ன? அங்கே நான் இல்லை, நடக்கக் குழந்தையும் இல்லை, யார் காலில் தடுக்கப்போகிறது? விடு. ஊர் முழுக்கக் குப்பை கிடக்கிறது, அதைப் பார்.

தாச்சாம்மாவோடு சண்டை போடாதே. கையில் வாளி இருந்தால் அவள் யாரையும் அடிப்பாள்.

லெஞ்சோ அண்ணனை இனிமேல் அதிகம் விசாரிக்காதே. அவருக்கு வயிற்றில் ஏதோ வலி இருக்கிறது, பேசினால் கூடுகிறது.

மேடு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

எர்லிந்தா


எல் சௌசே
11 ஜூலை 1999

அன்புள்ள அக்கா,

நலம், நலமாக இரு. இங்கே வெயில் நாயைக்கூட வாசலில் படுக்கவிடவில்லை.

மேட்டைப் பார்க்கலாம் என்றால் டயர் மறைக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. எப்போதும் ஞாயிறு, எப்போதும் நாங்கள் பூசையில் இருக்கும் நேரம். நான் ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாமல் மாமரத்தடியில் ஒளிந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு யாருமே வரவில்லை, லெஞ்சோ அண்ணன் மட்டும் வந்தார். வண்டியில் தார்ப்பாய் போட்டு ஏதோ மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் "நீ பூசைக்குப் போகலயா? ஆண்டவருக்குக் கோபம் வராதா?" என்று கேட்டுவிட்டு, அவசர வேலை இருக்கிறது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் நான் வேலையாக வெளியே போன நேரம் பார்த்து அந்தக் களவாணி வந்து போட்டுவிட்டான்.

எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. நான் இத்தனை மாதத்தில் எத்தனையோ குவியல் பார்த்துவிட்டேன். குப்பை கொட்டுகிறவன் வண்டியைப் பின்னால் எடுத்து, தள்ளிவிட்டு ஓடுவான். லாரி டயர், சைக்கிள் டயர், வெடித்தது, கிழிந்தது, எல்லாம் கலந்து கிடக்கும். இவன் கொட்டியது எல்லாம் ஒரே அளவு. பதினைந்து அங்குலம். ஒன்றில்கூடப் பக்கம் கிழியவில்லை. அதோடு, அடுக்கி வைத்திருக்கிறான். கடைக்காரன் மாதிரி. தண்ணீர் தேங்கிக் கொசு வராமல் இருக்க மேலே தகரம் வேறு போட்டிருக்கிறான். இப்படி ஒரு மரியாதையான திருடனை நான் பார்த்ததே இல்லை. செலாவிடம் சொன்னால், "அவனுக்கு வீடு கீடு வேணுமோ என்னமோ, கேட்டுப் பாரு" என்று சிரிக்கிறாள்.

சிரிக்கிற விஷயமில்லை. இன்ஜினியரம்மா போன வாரம் இந்தப் பக்கம் வந்தார். பார்த்தார். "இது யாரு எடம்?" என்றார். அக்கா இடம் என்றேன். "ஊர்ல எல்லார் வீட்டு டயருக்கும் பெயின்ட் அடிக்கிறீங்க, அக்கா வீட்டுக்கு மட்டும் இல்லையா?" கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் இருந்தார்கள். என் காது எரிந்தது. என் வேலை ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று செப்டம்பரில் முடிவு செய்வார்களாம்.

நான் என்ன செய்ய, சொல். ஃபிதெலையும் கேட்டு எழுது. ஆம்பிளை மூளைக்கு ஏதாவது தோன்றலாம். அவனுக்கு வணக்கம்.

நபோர்


ஃபொன்டானா
1 ஆகஸ்ட் 1999

என் தம்பி நபோருக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் சுகம்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். உன் வேலைக்கு ஆபத்து என்றபிறகு நான் சும்மா இருந்தால் பாவம்.

அந்த டயர் என்னுடையது. எல்லாம். நான் வேலை பார்ப்பது டயர் கடையில். கழற்றிப் போட்டதைக் கழுவி, அளவு பார்த்து அடுக்குகிறேன். விற்க முடியாததை நீயே எடுத்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். பதினைந்தில் பக்கம் கிழியாததாகப் பொறுக்கி லெஞ்சோ அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று கன்னி மாதா மேல் அவரிடம் சத்தியம் வாங்கியது நான்தான். அவரைத் திட்டாதே. உன்னிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து அழாத குறை.

மேட்டைத் தாங்க ஒரு சுவர் வேண்டும். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே, வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்து, போதுமான அளவு சேர்ந்ததும் ஒரே மூச்சில் மண் போட்டுக் கட்டுவார்கள். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. டிசம்பரில் நானே வந்து கட்டலாம் என்று இருக்கிறேன்.

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் இப்போது எதற்கு அவசரமாகச் சுவர் என்று கேட்பாய். அதற்குக் காகிதத்தில் பதில் எழுத எனக்கு வராது. அதோடு, தெரிந்தால் நீ ஒன்று என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லை உன் வேலைக்குத் துரோகம் செய்யவேண்டும். தெரியாமல் இருந்தால் உனக்கு நிம்மதி என்று நினைத்தேன். அது தப்பு.

இன்ஜினியரம்மாவிடம் என் பெயரைச் சொல். அது குப்பை இல்லை, சுவர், இன்னும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

எர்லிந்தா


எல் சௌசே
12 செப்டம்பர் 1999

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? ஜூலையில் நான் எழுதியதற்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. லெஞ்சோ அண்ணனுக்குக் குடலிறக்கம் முற்றி, வண்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தின கையோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இப்போது என்செனாதாவில் மகள் வீட்டில் படுத்திருக்கிறார். நம் பள்ளத்துக்குள் தபால்காரர் இன்னமும் இறங்குவதில்லை. வேலைக்குப் போகும்போது தினமும் அந்த வண்டியைத் தாண்டித்தான் போகிறேன். பார்த்தாலே உன் ஞாபகம் வரும். அவர் எழுந்து வந்து ஓட்டும்போது இது உனக்குக் கிடைக்கும்.

நல்ல செய்தி சொல்கிறேன். உன் இடம் சுத்தம். ஒரு டயர் இல்லை.

யாரையும் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று நானே முடிவெடுத்தேன். லெஞ்சோ அண்ணன் படுத்ததிலிருந்து அந்தக் களவாணியும் வரவில்லை, பயந்துவிட்டான் போலிருக்கிறது. நானே பெயின்ட் அடித்தேன். லாரி வந்தபோது லீவு போட்டு நானும் கூட நின்று ஏற்றினேன். நல்ல டயர், ஏற்றும்போது கொஞ்சம் மனசு கேட்கவில்லை. தாச்சாம்மா வளைவிலிருந்து கத்தினாள்: "டேய் டயர் போலீசு, நல்லா அடுக்கி வச்சத ஏண்டா எடுக்குற? அடுக்கி வச்சவன் வந்து கேட்டா என்ன சொல்லுவ?" கேட்கட்டும், அதற்குத்தான் காத்திருக்கிறேன் என்றேன்.

இன்ஜினியரம்மா என்னைக் கைகொடுத்துப் பாராட்டினார். ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். இப்போது உன் அறையைச் சுற்றிப் பெருக்கி, வாசலில் இரண்டு கற்றாழை வைத்திருக்கிறேன். டயரை எடுத்த பிறகுதான் மேடு தெரிகிறது. சாய்ந்துதான் இருக்கிறது, மண்ணும் கொஞ்சம் உதிர்கிறது. அதற்கும் ஏதாவது வழி பார்க்க வேண்டும்.

நீ வந்து பார்க்கும்போது உன் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஃபிதெலுக்கு வணக்கம்.

நபோர்


ஃபொன்டானா
24 அக்டோபர் 1999

அன்புத் தம்பிக்கு,

நலம். லெஞ்சோ அண்ணன் எழுந்து நடமாடுவதைப் பார்த்து சந்தோஷம். இன்று உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ உன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாய். வேலை நீடித்ததில் எனக்கு மகிழ்ச்சி, நிஜமாகச் சொல்கிறேன். கற்றாழைக்கு அதிகம் தண்ணீர் விடாதே.

டிசம்பரில் வருகிறேன். செலாவிடம் சொல், ஒரு கட்டில் போதும்.

எர்லிந்தா


எல் சௌசே
14 நவம்பர் 1999

அக்கா,

நீ சுகமா என்று கேட்கக்கூட எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. சுகமாக இரு.

உன் ஆகஸ்ட் மாதத்துக் கடிதம் லெஞ்சோ அண்ணன் வண்டியின் முன்பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அவர் வீட்டு வாசலில், நான் தினமும் கடந்துபோன அந்த வண்டியில். அக்டோபரில் வண்டியைக் கிளப்பும்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தார். "படி. நான் இங்க நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். படித்தேன். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நகராட்சிக் கிடங்குக்கு ஓடினேன். அங்கே காவலாளி தர்பூசணி தின்றுகொண்டிருந்தான். "அந்த லோடா? அது போன மாசமே சிமென்ட் சூளைக்கு எரிக்கப் போயிடுச்சே" என்றான். உன் டயர் சூளையில் எரிந்துவிட்டது, அக்கா. நானே ஏற்றி அனுப்பினேன்.

அப்போதே எழுதியிருக்கவேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ அக்டோபரில் எழுதியதும் வந்தது. அதில் ஒரு திட்டுகூட இல்லை. திட்டியிருந்தால் பதில் எழுதியிருப்பேன்.

இந்த வருஷத்து முதல் மழை திங்கட்கிழமை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. மேடு பாதி இறங்கிவிட்டது. உன் அறையின் பின்சுவர் உள்ளே விழுந்துவிட்டது. கூரையும் மற்ற மூன்று சுவரும் நிற்கின்றன. நானும் செலாவும் மேசையையும் மாதா படத்தையும் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம். கற்றாழை மண்ணுக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது.

இன்ஜினியரம்மா வந்து பார்த்தார். இனி ஒரு நல்ல மழை பெய்தால் எல்லாம் சேர்ந்து கீழே இருக்கிற வீட்டின்மேல் விழும் என்கிறார். கிறிஸ்துமசுக்குள் தாங்குசுவர் எழுப்பவில்லை என்றால் அறையை இடித்து, இடத்தை யாரும் குடியிருக்கக் கூடாத இடம் என்று எழுதிவிடுவார்களாம். டயர் கேட்டேன். "கெடங்குல இருக்கறது எல்லாம் கணக்குல ஏறினது நபோர், ஒண்ணுகூட வெளிய விட எனக்கு அதிகாரமில்ல" என்றார். அவர் முகமும் நன்றாக இல்லை.

நான் இத்தனை மாதமாக ஊரில் இருக்கிற டயரையெல்லாம் தேடித் தேடி இல்லாமல் செய்திருக்கிறேன். இப்போது எனக்கு டயர் வேண்டும், எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. இதில் அழுவதா சிரிப்பதா?

இன்னொன்றும் விளங்கவில்லை. ஒரு கட்டில் போதும் என்று எழுதியிருக்கிறாய். அதைச் செலாவிடம் படித்துக்காட்டி, ஃபிதெல் எங்கே படுப்பான் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீ டயரத் தவிர வேற எதையும் கண்டுபிடிக்க மாட்ட" என்றாள்.

நபோர்


ஃபொன்டானா
28 நவம்பர் 1999

நபோருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் செலாவும் அடிபடாமல் இருக்கிறீர்களே, அது போதும் எனக்கு.

கடிதம் வண்டியில் கிடந்ததற்கு நீ என்ன செய்வாய். முன்னாலேயே வாயைத் திறந்திருக்க வேண்டியவள் நான்.

இங்கே அறையைக் காலி செய்துவிட்டேன். டிசம்பர் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை லெஞ்சோ அண்ணன் வண்டியில் வருகிறேன். இடித்திருந்தால் இடித்த இடத்தைப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் கேட்காதே. சிலதைக் கேட்காமல் இருந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

எர்லிந்தா


எல் சௌசே
12 டிசம்பர் 1999
குவாதலூப்பே மாதா திருநாள்

என் அக்காவுக்கு,

வழியில் உனக்குக் குளிர் படாமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வருகிற வண்டியிலேயே நீ திரும்பி வரப்போகிறாய். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கும் வராது.

போன ஞாயிறு மறுபடி தாச்சாம்மாவிடம் போனேன். மேலங்கி போடாமல் போனேன். விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு என்னை ஒரு மணி நேரம் திட்டினாள். அதில் எழுதக்கூடியது இதுதான்: "அன்னைக்கே கத்தினேன்ல? காதுல என்ன, மஞ்சப் பெயின்ட்டா அடச்சிருந்தது?" பிறகு எழுந்து போய், சமதரையில் சும்மா நின்றதே அவளுடைய சுவர், அதை உதைத்தாள். "என் மகன் வந்து ரூம் கட்டுவான்னு சேத்து வச்சது. அவன் வர மாட்டான். மண்ணக் கொட்டிட்டு எடுத்துட்டுப் போ" என்றாள்.

நான் அதை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்து ஆட்கள் கேட்டார்கள். சொன்னேன். நான் பெயின்ட் அடித்த வீட்டுக்காரர்களே, எனக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியிலும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் ஒளித்து வைத்திருந்ததை வெளியே எடுத்துக்கொண்டு வந்தார்கள். எத்தனை டயரை என் கண்ணுக்கு மறைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் நான் வேலையை விட்டுவிடலாம். லெஞ்சோ அண்ணன் தையல் பிரியும் என்று செலா கத்தக் கத்த நின்று அடுக்கச் சொல்லிக்கொடுத்தார். எல்லாம் ஒரே அளவு இல்லை, அக்கா. பதிமூன்றும் பதினான்கும் லாரி டயரும் கலந்து, பார்ப்பதற்குப் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. நீ பொறுக்கி அனுப்பியது மாதிரி அழகாக வராது. ஆனால் நிற்கிறது. வியாழக்கிழமை மழையில் நானும் செலாவும் குடைபிடித்துக்கொண்டு எதிரில் நின்று பார்த்தோம். ஒரு பிடி மண் இறங்கவில்லை.

நேற்று இன்ஜினியரம்மா வந்தார். சுவர் நெடுக நடந்தார், கீழ் வரிசையைக் காலால் உதைத்துப் பார்த்தார், கல் மேல் ஏறி மேல் வரிசைக்குள் கையை விட்டார். "நபோர், மேல இருக்கறதுல மண்ணே இல்லையே. காத்துதான் இருக்கு" என்றார். ஆமாம் மேடம் என்றேன். "காத்து இருந்தா என்ன?" குப்பை என்றேன். "அப்புறம்?" நான் சொன்னேன்: "மேல் வரிசைக்கு மண்ணு போடவேண்டியவங்க அடுத்த சனிக்கிழமை வராங்க மேடம். இது அவங்க சுவரு." அவர் பெயின்ட் டப்பாவைப் பைக்குள் போட்டு, "அப்ப அவங்க வந்தப்புறம் திங்கட்கிழமை வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தாச்சாம்மா கொடுத்த தமாலேயைத் தின்றுகொண்டே இறங்கிப் போனார்.

ஆக, மேல் வரிசை உனக்காகக் காலியாக இருக்கிறது. மண்வெட்டி வாசலில் சாத்தி வைத்திருக்கிறேன். பின்சுவருக்குப் பலகை அடித்தாகிவிட்டது. ஒரு கட்டில் போட்டிருக்கிறோம். செலா போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

இந்த முறை கடைசியில் ஃபிதெலுக்கு வணக்கம் எழுதவில்லை, மறந்துபோய் இல்லை. அவன் உன்னோடு தாங்கமாட்டான் என்று கல்யாணத்தன்று நான் கட்டிய பந்தயம் ஒன்று இருக்கிறது அல்லவா, அதில் நான் தோற்றதாகவே இருக்கட்டும். என் ஆயுசு முழுக்க நான் அதில் தோற்றவன்தான்.

சனிக்கிழமை வளைவில் நிற்பேன்.

உன் தம்பி,
நபோர்